வேற பேச்சிமுத்து

2025 ஜனவரி 6, திங்கட்கிழமை. காலை 6:10. உள்ளே போனது 75 மில்லி, வெளியே வந்தது 20.

மிச்சம் 55. வெளியே வந்த இருபதும் என் சட்டையில் வந்ததால் அளவில் ஐந்து மில்லி முன்பின் இருக்கலாம்.

இந்த நோட்டை எழுதச் சொன்னது மதுரையில் கோமுவைப் பார்க்கும் டாக்டர் பெர்லின். "என்ன குடிச்சா, எவ்வளவு கக்கினா, கை கால் எப்படி அசைச்சான்னு தினமும் எழுதுங்க. வேற என்ன தோணுதோ அதையும் எழுதுங்க" என்றார். வீட்டில் மற்றவர்களுக்கு நேரமில்லையாம். நான் பகலெல்லாம் யுபிஎஸ் சர்வீஸ் ரிப்போர்ட் எழுதுகிறவன், ஆகவே எனக்கு எழுத வருமாம். எங்கள் வீட்டு நியாயம் இப்படித்தான்.

கோமு என்கிற கோமதி என் தங்கை பொன்செல்வியின் மகள். வயது பதினொரு வாரம், எடை 3.9 கிலோ. பிரசவத்துக்குப் பாளையங்கோட்டைக்கு எங்கள் வீட்டுக்கு வந்த செல்வி இன்னும் புருஷன் வீட்டுக்குத் திரும்பவில்லை. பிள்ளை அந்த நிலையில் இல்லை. கோமுவால் உறிஞ்ச முடியாது. கழுத்து நிற்காது. அழுதால் பூனைக்குட்டி நாலு வீடு தள்ளிக் கத்துகிற மாதிரி இருக்கும். அதனால் மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு மெல்லிய குழாய். அதன் நுனியில் ஒரு சிரிஞ்சை, உள்ளே தள்ளும் தண்டை உருவிவிட்டு மாட்டி, பாலை ஊற்றி, கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். தள்ளக் கூடாது. பால் தானாக இறங்க வேண்டும். அதற்கு இருபது நிமிடம். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளைக்கு எட்டு. காலை ஆறும் மாலை ஆறும் என் பொறுப்பு.

நான் சிக்னலில் பச்சை விழுவதற்கு முன்பே கிளட்சை விடுகிறவன். என்னைக் கொண்டுவந்து இந்த வேலையில் நிறுத்தியிருக்கிறார்கள்.

செல்வி பிள்ளையைக் கையில் தரும்போது சொன்னாள்: "பாத்துப் பிடிண்ணே. கையில நிக்க மாட்டேங்கா. கூழு மாதிரி வழுக்கிட்டுப் போறா."

"என் பேர ஏன் இழுக்க?"

"உன்னைச் சொல்லல. நெசக் கூழச் சொன்னேன்."

வீட்டில் என் பெயர் கூழு. ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிய அன்று பிறந்தேனாம். சான்றிதழில் மார்ச் 11 என்று இருக்கும். பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காக மாற்றிக் கொடுத்தது என்பாள் அம்மா. முழுப்பெயர் பேச்சிமுத்து. அது கம்பெனி அடையாள அட்டையில் மட்டும் புழங்குகிறது.

ஜனவரி 9, வியாழன்

உள்ளே 600. வெளியே 45. மாலைப் பால் கடைசிச் சொட்டு இறங்கியதும் மாப்பிள்ளை ஆவுடையப்பன் "ரைட்" என்றார். செல்வியின் புருஷன். அரசு பஸ் கண்டக்டர். டியூட்டி முடிந்தால் இங்கேதான் வருவார். கோமு ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள்.

ஜனவரி 12, ஞாயிறு

மாப்பிள்ளை உட்கார்ந்ததும் கேட்டார். "மச்சான், டாக்டர் சொன்னதுல பாதி எனக்கு ஏறல. மைட்டோ… அது எந்த ஸ்டாப்பு?"

எனக்குத் தெரிந்த வழியில் சொன்னேன். உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நூற்றுக்கணக்கில் குட்டிக் குட்டிப் பேட்டரிகள். சாப்பாட்டைச் சக்தியாக மாற்றுவது அவைதான். பெயர் மைட்டோகாண்ட்ரியா. கோமுவுக்கு அதில் கோளாறு என்று சந்தேகம். ரத்தத்தில் லாக்டேட் என்கிற அமிலம் இரண்டுக்குக் கீழே இருக்க வேண்டும், இவளுக்கு 7.8. சக்தியாக மாற வேண்டியது மாறாமல் புளித்துக் கிடக்கிறது. யுபிஎஸ்ஸில் பதினாறு பேட்டரி வரிசையாக இருந்தால் இரண்டு மூன்று சோர்ந்தாலும் சமாளிக்கும். ஏழெட்டு சோர்ந்தால் லோடு ஏறின நிமிஷம் படுத்துவிடும்.

"அப்ப கெட்டதக் கழத்திட்டுப் புதுசு மாட்ட முடியாதா?"

"அது என் தொழில்ல முடியும்."

"வாரண்டி?"

"உங்க அத்தைகிட்டக் கேளுங்க. இந்தப் பேட்டரி அம்மா வழியாத்தான் வரும். அப்பன் சரக்கு ஒண்ணும் கெடையாது."

அடுப்படியில் கரண்டி விழுந்தது. அங்கே அம்மா இருந்தாள்.

சில வகைகள் அப்பா அம்மா இருவர் வழியாகவும் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லியிருந்தார். இந்த நோயில் நிறைய வகை உண்டு. சில வகையில் பிள்ளை ஒரு வயதைத் தாண்டுவது கஷ்டம். சில வகை வைட்டமினுக்கே அசையும். கோமுவுக்கு எது என்று தெரிய வேண்டும். ரத்தம் சோதனைக்குப் போயிருக்கிறது. பதில் வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். இதை மாப்பிள்ளையிடம் மறக்காமல் சொன்னேன். "ம்" என்றார். பிறகு கோமுவின் உள்ளங்காலில் விரலால் டிக்கெட் கிழிக்கிற மாதிரி ஒரு சுண்டு சுண்டினார்.

டாக்டர் தந்த குடும்ப விவர ஃபார்மையும் இன்று முடித்தேன். 'தாய்வழியில் யாருக்காவது குழந்தைப் பருவத்தில் தசைத் தளர்ச்சி, நடக்கத் தாமதம்?' அம்மாவைக் கேட்டேன். அம்மா இருபத்தொன்பது வருடமாக அங்கன்வாடியில் ஊர்ப்பிள்ளைகளை நிறுத்து எடை பார்க்கிறவள். பிள்ளை விஷயத்தில் அவளுக்குத் தெரியாதது கிடையாது.

"எங்க வழியில ஒரு குத்தமும் கெடையாது. எழுதிக்கோ."

எழுதினேன்: இல்லை. அடியில் இரண்டு கோடு போட்டேன். எனக்குத் தெளிவான பதில்கள் பிடிக்கும்.

ஜனவரி 14, செவ்வாய்

பானை பொங்கியதும் கோமுவின் ஒன்பது மணிப் பால் முடிந்ததும் ஒரே நேரம். பிள்ளை அப்போதுதான் கண் அசந்திருந்தது. நாங்கள் நான்கு பேரும் பானையைச் சுற்றி நின்று கிசுகிசு குரலில் "பொங்கலோ பொங்கல்" என்றோம். பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேல் எட்டி, "என்னப்பா, வீட்ல ஏதும் விசேஷமில்லையா?" என்றார். மாப்பிள்ளை வாயில் விரலை வைத்து, "ஏசி பஸ்ஸு. ஹாரன் கெடையாது" என்றார்.

உள்ளே 610. வெளியே பூஜ்யம்.

ஜனவரி 20, திங்கள்

ஒரு பேங்கின் மூன்றாவது மாடிக்கு நாலு பேட்டரி ஏற்ற வேண்டியிருந்தது. லிப்ட் பழுது. பேட்டரியை அவர்கள் ஆள் தூக்கினார். நான் வெறுங்கையோடு ஏறியும் இரண்டாவது மாடியில் தொடை நடுங்கி உட்கார்ந்துவிட்டேன். எனக்கு எப்போதும் படிக்கட்டு ஆகாது. பள்ளிக்கூட ஓட்டப்பந்தயங்களில் விசில் ஊதுகிற வேலை எனக்கு. இரண்டாம் வகுப்பு வரை அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனாள். செல்லம்.

உள்ளே 590. வெளியே 30.

ஜனவரி 27, திங்கள்

ஐந்து நாள் எழுதவில்லை. புதன்கிழமை கோமுவுக்குக் காய்ச்சல். மற்ற பிள்ளைகளுக்கு அது சளி. இவளுக்கு அது கூடுதல் லோடு. லாக்டேட் 11. இங்கே பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் முகத்தைவிடப் பெரிய மாஸ்க்கை வைத்து மூச்சுக்கு முட்டுக் கொடுத்தார்கள். குளுக்கோஸ் ஏற்றினார்கள். டாக்டர் பெர்லின் மதுரையிலிருந்து மணிக்கொருதரம் போனில் அவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

நான் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எண்கள் எனக்குப் புரியும். வெள்ளிக்கிழமை மதியம் புரியாமலிருந்திருக்கலாம் என்று தோன்றியது.

சனிக்கிழமை இறங்கியது. இன்று வீட்டுக்கு வந்தோம். செல்வி குளித்துவிட்டு வந்து, "அண்ணே, ஒனக்கு அழத் தெரியும்னு இத்தன வருஷம் எனக்குத் தெரியாது" என்றாள். ஏசி காற்று கண்ணுக்கு ஆகாது என்றேன்.

டாக்டர் சனிக்கிழமை சொன்ன முடிவு: இனியும் ரத்தச் சோதனைக்குக் காத்திருக்க முடியாது. தொடைத் தசையில் சிறு துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும். பிப்ரவரி 13, வியாழன். மயக்கமருந்து கொடுக்க வேண்டும். இந்தப் பிள்ளைக்கு அது சாதாரண விஷயமில்லை என்று அவரே இரண்டு தடவை சொன்னார். மெதுவாகப் பேசுகிறவர். இரண்டாவது தடவை இன்னும் மெதுவாகச் சொன்னார்.

அம்மா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

கோமுவை நிறுக்கத் தொட்டில் தராசு வேண்டும். அம்மாவின் அங்கன்வாடியில் பழசாகிக் கழித்துப் போட்ட ஒன்று பரணில் இருக்கிறது. ஏணி போட்டு ஏறினேன். தராசோடு ஒரு கட்டு பழைய எடை அட்டைகளும் வந்தன. பிள்ளையின் வயது கீழே, எடை பக்கவாட்டில், மாதாமாதம் ஒரு புள்ளி, புள்ளிகளைச் சேர்த்து ஒரு கோடு. அம்மாவின் கையெழுத்து. நான் டிப்ளமாவில் போட்ட கிராஃப்களைவிடச் சுத்தம்.

நாலாவது அட்டையில் பெயர் பேச்சிமுத்து.

கோடு மூன்றாம் மாதத்திலிருந்து தரையோடு தரையாகக் கிடந்தது. ஓரத்தில் குறிப்பு: 'தலை நிற்கவில்லை.' நாலாம் மாதம்: 'தலை நிற்கவில்லை.' ஐந்து, ஆறு, ஏழு, எட்டு: கீழே 'மேலே உள்ளதே' என்பதற்கு மேற்கோள் குறி மாதிரி இரண்டு சின்னக் கோடு மட்டும். ஒன்பதாம் மாதத்தில் கோடு நிமிர்ந்து ஏறியிருந்தது. குறிப்பு இல்லை. அந்த மாதத்துப் புள்ளியை மட்டும் பேனாவால் அழுத்தி அழுத்திச் சுற்றியிருந்தாள்.

இறங்கி வந்து கேட்டேன். "அம்மா, இது யாரு?"

அட்டையை வாங்காமலே சொன்னாள். "அது வேற பேச்சிமுத்து."

"வேற பேச்சிமுத்தா?"

"நம்ம சென்டர்ல மூணு பேச்சிமுத்து இருந்தானுவ. ஒருத்தன் குண்டு, ஒருத்தன் கருப்பு. இவன் மூணாவது."

சரிதான். எங்கள் பக்கம் தெருவுக்கு இரண்டு பேச்சிமுத்து உண்டு. பேங்கில் என் பெயரைக் கூப்பிட்டால் மூன்று பேர் எழுந்திருப்போம்.

பிறகுதான் அட்டையின் மேல் மூலையைப் பார்த்தேன். பிறந்த தேதி 11-3-98. வேற பேச்சிமுத்துவுக்கும் மார்ச் 11. கேட்கலாம் என்று அடுப்படிக்குப் போனேன். அம்மா ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்துவிட்டேன்.

சும்மா, ஒரு ஒப்பீட்டுக்காக, கோமுவின் எடையை ஒரு மெல்லிய தாளில் கிராஃப் போட்டு அந்த அட்டையின் மேல் வைத்துப் பார்த்தேன். முதல் மூன்று மாதமும் ஒரே கோடு.

தற்செயல்.

பிப்ரவரி 8, சனி

உள்ளே 600. வெளியே 60. அட்டையை டூல்ஸ் பையில் போட்டேன். மற்ற அட்டைகளோடு கட்டி வைத்தால் கசங்கும்.

பிப்ரவரி 11, செவ்வாய்

மதுரை. தசைத் துண்டு எடுப்பதற்கு முன் கடைசிப் பரிசோதனை. செல்வி, மாப்பிள்ளை, நான், அம்மா. அம்மா வரவே மாட்டேன் என்றாள். செல்விதான் இழுத்துக்கொண்டு வந்தாள்.

டாக்டர் கோமுவை இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்கிப் பார்த்தார். பிள்ளை கைகளுக்கு நடுவே நழுவி இறங்கியது. அப்போது அம்மா என்னிடம், "ஏல கூழு, அந்தத் துணிய எடு" என்றாள்.

டாக்டர் சிரித்தார். "கூழா? பேரு நல்லாருக்கே. ஏன் கூழு?"

ஆடி மாதம், கோயில், கூழ் ஊற்றிய நாள் என்று என் வழக்கமான விளக்கத்தைச் சொன்னேன். நான் வேகமாகச் சொல்லி முடித்தேன். அவர் மெதுவாக என் ஃபார்மைப் புரட்டினார். "நீங்க மார்ச்சுன்னு எழுதிருக்கீங்களே."

அம்மா கோமுவின் சாக்ஸைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. டூல்ஸ் பையிலிருந்து அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தேன். "டாக்டர், இது வேற பேச்சிமுத்து. எங்க அம்மா சென்டர்ல இருந்த பையன். இதையும் ஒரு தடவை பாத்துருங்க."

பார்த்தார். விரலைக் கோட்டின்மேல் வைத்து, மூன்றாம் மாதத்திலிருந்து எட்டாம் மாதம்வரை நகர்த்தி, அழுத்திச் சுற்றியிருந்த ஒன்பதில் நிறுத்தினார்.

"இந்தப் பேச்சிமுத்து இப்ப எங்க இருக்கான்?"

அம்மா சாக்ஸை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"இந்தா நிக்கான்லா" என்றாள் அம்மா.

பிறகு நிறுத்தாமல் பேசினாள். என்னையோ செல்வியையோ பார்க்கவில்லை. டாக்டரின் மேசைமேல் இருந்த ஸ்டெத்தாஸ்கோப்பிடம் சொல்கிற மாதிரி சொன்னாள். "பொறந்து ரெண்டு மாசத்துல தொவண்டுட்டான். தூக்குனா கூழு கணக்கா கைவழிய ஒழுகுவான். பாத்த டாக்டர் எல்லாரும் கைய விரிச்சுட்டாவ. நான் பாலாடையில சொட்டுச் சொட்டா ஊத்திக்கிட்டே கெடந்தேன். ஒம்பதாம் மாசம் ஒரு நா தலையத் தூக்கி என்னைப் பாத்தான். ரெண்டரை வயசுல நடந்தான். அதோட அந்தப் பேச்சையே விட்டாச்சு. பொறவு இவ பொறந்தா, ஒரு குத்தமில்ல. பொட்டப்புள்ளய வச்சுக்கிட்டு, அண்ணங்காரன் இப்படி இருந்தான்னு சொன்னா யாரு கட்டுவா? அதான் ஆடிக் கூழுன்னு ஒரு கதைய வச்சேன். இப்ப என்னால இந்தப் பச்ச மண்ணு சதைய அறுக்கப் போறாவ."

டாக்டர் பெர்லின் எழுந்து வந்து அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் வேகமாகப் பேசியதை இன்றுதான் கேட்டேன். "அறுக்கிறதத் தள்ளிப்போடுவோம் அம்மா. இதுல தானா சரியாகிற வகை ஒண்ணு இருக்கு. ரொம்ப அபூர்வம். இது அதுதான்னு இப்ப நான் சொல்ல மாட்டேன். ஆனா ஆய்வுக்கூடத்துக்காரங்கள எந்த இடத்த முதல்ல பாக்கணும்னு இப்ப என்னால சொல்ல முடியும். நீங்க சொன்னதாலதான்."

என்னிடம், அம்மாவிடம், செல்வியிடம் ரத்தம் எடுத்தார்கள். எனக்கு மட்டும் இரண்டு தடவை குத்தினார்கள். முதல் தடவை குத்தி முடிவதற்குள் கையை இழுத்துக்கொண்டேன்.

திரும்புகிற பஸ்ஸில் மாப்பிள்ளை ஜன்னல் பக்கமே திரும்பி இருந்தார். அம்மா முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கோவில்பட்டி தாண்டியதும் அவர் திரும்பினார்.

"அத்த, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்க, மருமவனே."

"அப்ப கோமு மச்சான் மாதிரி வருவாளா?"

"வருவான்னுதான் டாக்டர் நெனைக்காவ."

அவர் விரலை மடக்கி எண்ணினார். "நடை, ஓட்டம், படிப்பு எல்லாம் மச்சான் மாதிரி வரட்டும். வாய் மட்டும் வேண்டாம். அதுக்கு ஏதும் ஊசி இருக்கான்னு கேட்டிருக்கணும்."

செல்விதான் முதலில் சிரித்தாள். அப்புறம் அழுதாள். அப்புறம் இரண்டையும் சேர்த்துச் செய்தாள். மாப்பிள்ளை அம்மாவிடம், "கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிருந்தாலும் கட்டிருப்பேன் அத்த. நான் பொண்ணத்தான் பாத்தேன். மச்சானப் பாக்கல" என்றார். நடத்துநரிடம் போய்த் தானும் நடத்துநர் என்று சொல்லி, பஸ்ஸை இருபது நிமிடம் நிறுத்தவைத்துக் கோமுவுக்குப் பால் கொடுக்க வைத்தார்.

உள்ளே 75. வெளியே பூஜ்யம்.

பிப்ரவரி 13, வியாழன்

இன்று கத்தி இல்லை. உள்ளே 620.

மார்ச் 11, செவ்வாய்

எனக்கு இருபத்தேழு. இதுதான் உண்மையான பிறந்த நாள் என்று தெரிந்து வருகிற முதல் பிறந்த நாள். அம்மா பாயசம் வைத்தாள். "பேச்சிமுத்து, சாப்பிட வா" என்று கூப்பிட்டாள். மதுரையிலிருந்து வந்த நாள் முதல் இப்படித்தான் கூப்பிடுகிறாள். சத்துணவு வரிசையில் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது.

மார்ச் 20, வியாழன்

பதில் வந்துவிட்டது. டாக்டர் போனில் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டேன்.

மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனி மரபுச் சரடு ஒன்று உண்டு. அதில் 16,569 எழுத்து. கோமுவுக்கு 14,674-ஆவது எழுத்தில் 'டி'க்குப் பதில் 'சி'. ஒரே ஒரு எழுத்து.

"எத்தனை சதவீதம் பேட்டரியில?" என்று கேட்டேன். கணக்குப் போட நோட்டைத் திறந்து வைத்திருந்தேன்.

"உங்க பதினாறு பேட்டரிக் கணக்கு இங்க செல்லாது. எல்லாத்துலயும் இருக்கு. நூத்துக்கு நூறு. கோமுவுக்கு மட்டுமில்ல. செல்விக்கு, அம்மாவுக்கு, உங்களுக்கு."

"அப்ப செல்விக்கும் அம்மாவுக்கும் ஏன் ஒண்ணும் வரல?"

"முழுசாத் தெரியாது."

எனக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொன்னார். அதற்காகக் கோபப்பட முடியவில்லை.

இது அந்த வகைதான். பெரும்பாலான பிள்ளைகளுக்கு முதல் வயதை ஒட்டி உடம்பு தானாகச் சமாளிக்கத் தொடங்கிவிடும். அதுவரை மூச்சும் பாலும் தடைபடக் கூடாது. நீண்ட நேரம் வயிறு காயக் கூடாது. காய்ச்சல் என்றால் ஓட வேண்டும். சிலருக்குப் பெரியவர்களான பிறகும் லேசான பலவீனம் மிஞ்சலாம். "படிக்கட்டு ஏறுறதுல ஏதும் கஷ்டமிருக்கா உங்களுக்கு?" என்றார். நெட்வொர்க் சரியில்லை என்று அடுத்த கேள்விக்குப் போனேன்.

"எந்தத் தேதியில சரியாகும்?"

"பிள்ளைகிட்டக் கேளுங்க."

அம்மா எழுந்து போய்த் தொட்டிலை ஆட்டினாள். கோமு தூங்கவில்லை என்பதால் ஆட்ட வேண்டிய அவசியம் இருந்தது.

ஏப்ரல் 6, ஞாயிறு

உள்ளே 680. வெளியே 15. கழுத்து: இல்லை.

மே 4, ஞாயிறு

உள்ளே 720. கழுத்து: இல்லை. என் அட்டையை வைத்துப் பார்த்தால் இன்னும் பத்து வாரம். மாப்பிள்ளை, "லேட்டாப் போற பஸ்ஸும் போய்ச் சேரும் மச்சான்" என்றார். அவர் பஸ் இன்று நாற்பது நிமிடம் லேட்.

ஜூன் 8, ஞாயிறு

காலை 9:25. குப்புறப் போட்டிருந்தோம். கோமு தலையைத் தூக்கினாள். என் போனில் நான்கு விநாடி. மாப்பிள்ளை ஐந்து என்கிறார். அவர் விசில் ஊதியதில் பிள்ளை திடுக்கிட்டு முகம் குப்புற விழுந்தது. அந்த ஒரு விநாடிக்காக அரைமணி நேரம் சண்டை போட்டோம்.

அம்மா கோமுவுக்கென்று போட்டிருக்கும் எடை அட்டையை எடுத்துவந்து இந்த மாதத்துப் புள்ளியை வைத்தாள். பேனாவைத் தூக்கவே இல்லை. சுற்றிக்கொண்டே இருந்தாள்.

ஜூலை 15, செவ்வாய்

மதுரை. லாக்டேட் 3.1. டாக்டர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். கோமு நழுவவில்லை. தோளைக் குறுக்கித் தொங்கிக்கொண்டு அவரை முறைத்தாள். விழுங்குவது நன்றாயிருக்கிறது, வாய் வழியாக நீர்க்க ஊட்டத் தொடங்கலாம் என்றார். பாலுக்குக் குழாய் இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்.

"எவ்வளவு நாள்?"

"நீங்க இன்னும் மாறவே இல்ல" என்றார் டாக்டர்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஆடி மூன்றாம் வெள்ளி. எடை 6.3 கிலோ.

காலை ஆறு மணிப் பாலுக்கு நான் சிரிஞ்சோடு வந்தபோது குழாய் கோமுவின் கையில் இருந்தது. மூக்கில் இல்லை. அவளே உருவியிருக்கிறாள். கன்னத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைச் சாப்பிடுகிற முயற்சியில் இருந்தாள். செல்வி டாக்டருக்குப் போன் போட்டாள். "இரண்டு நாள் பாலாடையில கொடுத்துப் பாருங்க. முழு அளவும் போகணும், எடை குறையக் கூடாது. சோர்ந்தா உடனே குழாய் மாட்டணும்" என்றார். அம்மா பீரோவிலிருந்து ஒரு பாலாடையை எடுத்துவந்தாள். வெள்ளி. மூக்கு வைத்த சின்னக் கிண்ணம், ஓரம் நசுங்கியிருந்தது. யாருடையது என்று நான் கேட்கவில்லை. தொண்ணூறு மில்லிக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. நான் கடிகாரம் பார்த்தது மூன்றே தடவை.

பத்து மணிக்குக் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். அம்மா தூக்குவாளியில் வாங்கி வந்தாள். நான் தரையில் உட்கார்ந்து யுபிஎஸ் போர்டு ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு எதிரில் தலையணைகளுக்கு நடுவே கோமு முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அம்மா குரல் கொடுத்தாள்.

"ஏல கூழு."

ஆறு மாதம் ஆயிற்று அந்தப் பெயரைக் கேட்டு. நான் திரும்பினேன். கோமுவும் திரும்பினாள். முழுத் தலையும், முட்டு இல்லாமல், வாசல் வரை.

அம்மா வாளியோடு அங்கேயே நின்றாள். "உன்னைக் கூப்பிடலட்டி" என்று கோமுவிடம் சொன்னாள். பிறகு, "சரி, ரெண்டு பேரும் வாங்க" என்றாள்.

கோமு விரல் நுனியில் கூழைச் சப்பிவிட்டு முகத்தைச் சுளித்தாள். எனக்கும் பிடிக்காது.

அடுத்துச் செய்ய வேண்டியவை:

1. நாளை காலை 6:00. பாலாடை. அவசரப்படக் கூடாது.

2. காலையும் மாலையும் எடை. 6.2க்குக் கீழே போனால் மறுபடி குழாய். டாக்டரிடம் வாதாடக் கூடாது.

3. காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கான பையைக் கதவுக்குப் பின்னாலேயே தொங்கவிட வேண்டும். சரியாகிறது என்பதற்காக அதை எடுத்து உள்ளே வைக்க அம்மா முயல்வாள். விடக் கூடாது.

4. காதுகுத்து. தாய்மாமன் மடி தயார், பிள்ளை கழுத்தும் தயார். அன்றைக்கு மாப்பிள்ளையின் விசிலை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

5. படிக்கட்டு விஷயத்தை டாக்டர் பெர்லினிடம் சொல்ல வேண்டும். நெட்வொர்க் நன்றாகத்தான் இருந்தது என்பதையும்.

6. அந்தக் குடும்ப விவர ஃபார்மைக் கேட்டு வாங்கி, 'இல்லை' என்பதை அடித்துவிட்டு 'உண்டு. நான்தான்' என்று எழுத வேண்டும். அடியில் இரண்டு கோடு.

7. இரண்டு எடை அட்டைகளையும் இந்த நோட்டையும் ஒரே உறையில் போட வேண்டும். கோமு ஒரு நாள் பிள்ளை பெற்றால், பிள்ளை பிறந்த அன்றே டாக்டர் கையில் கொடுப்பதற்கு. உறை மேல் எழுத வேண்டியது: கூழு 1, கூழு 2. பரணில் வைக்கக் கூடாது.